வெள்ளாற்று முகத்திலே மணல் திட்டுகள்

(கள்ளக்குறிச்சியில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய பேச்சு)



கரும்புக்கு நீர் பாய்ச்சுவதும் மரவள்ளிக்கு விலை தேடுவதும் அன்றாடக் கவலையாக உள்ள நமக்கு, கடலோரத்து மணல் தீவுகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். கேள்வி நியாயமானதே. நம் மாவட்டத்திற்கு ஓர் அங்குலக் கடற்கரையும் கிடையாது. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது நம் பங்குக்கு வந்தவை மலையும் காடும் ஏரிகளும் சமவெளியுமே. ஆனால் 1993 வரையில் நாம் எல்லோரும் தென்னார்க்காடு ஜில்லாவினர். நம் ஜில்லாவின் தலைநகர் கடலூர். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறிய பெரியவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். மாவட்ட எல்லைகளை அரசாங்கம் மாற்றலாம். அதற்காக ஆறுகள் தம் வழியை மாற்றிக்கொள்வதில்லை.

நம் கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தா நதியாகவும் கீழே இறங்குகிறது. கோமுகி மணிமுக்தாவோடு கூடுகிறது. மணிமுக்தா விருத்தாசலத்தைத் தொட்டுச் சென்று கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் சேர்கிறது. அந்த ஊருக்குப் பெயர் வந்ததே ஆறுகள் கூடுமிடம் என்பதால்தான். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடிய வெள்ளாறு, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சென்று பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. வெள்ளிமலையில் ஒருவர் வீட்டுக் கூரையில் விழுந்த மழைத்துளி, வழியில் எவரும் மறிக்காவிடில், பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தைச் சென்று சேரும். அத்துளி வெறுங்கையோடு போவதில்லை. மலைப் பாறையிலிருந்து உதிர்ந்த மணலையும் உருட்டிக்கொண்டே போகிறது. அந்த மணல் கடலோரத்தில் என்ன ஆகிறது என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

கடல், ஆறு கொண்டுவந்த மணலை அப்படியே விழுங்கிவிடுவதில்லை. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக் காலத்தில் ஓரளவு தெற்கே திருப்பித் தள்ளுகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கியதே. இதற்குச் சாட்சி வேண்டுமாயின் சென்னைக்குப் போனால் போதும். 1870-களில் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பத் தொடங்கிய பிறகு தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைப்பட்டுத் தேங்கியது. மெரீனா கடற்கரை அத்தனை அகலமானது அதனால்தான். சுவருக்கு வடக்கே இராயபுரம் பக்கத்தில் மணல் வரத்து நின்று கடல் ஊருக்குள் புகுந்தது. ஒரு கால்வாயில் மேல்மடைக்காரர் தண்ணீரை மறித்தால் கீழ்மடைக்காரருக்கு என்ன நேருமோ அதுவே அங்கு நேர்ந்தது.

இவ்வாறு நகரும் மணலை அலை சில இடங்களில் கரையை ஒட்டிச் சேர்க்காமல், சற்று எட்ட, கரைக்கு இணையாக நீண்ட மேடாகக் குவிக்கிறது. மேட்டுக்கு வெளியே கடல்; உள்ளே உப்பங்கழி. இடையிடையே முகத்துவாரங்கள். இதனைத்தான் நம் கடலோரத்தார் திட்டு என்கிறார்கள். கோட்டைக்கு முன்னே மண்மேடு போட்டதுபோல் உள்நாட்டைக் காத்து நிற்பதால் அரண் தீவு என்றும் சொல்லலாம். பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா இவ்வகையில் மிகப் பெரியது. 1971 முதல் ராக்கெட்டுகள் புறப்படும் அந்த இடமும் அடிப்படையில் ஒரு மணல் மேடுதான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கிள்ளை, பிச்சாவரம் பக்கத்தில் கிடக்கும் திட்டுகள் சிறியவை. ஆயினும் அவற்றில் நம் மலையின் பங்கு உண்டு.

அங்கே போய்ப் பார்க்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது பச்சை. கடலோரம் என்றால் வெண்மணலும் பனையுமே என்று நினைத்துப் போகும் நம்மவர், வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து ஓடும் கழிநீரில் வேரூன்றி நிற்கும் காட்டைக் கண்டு திகைப்பார்கள். சுமார் 2,700 ஏக்கர் பரப்பில், ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது அந்த அலையாத்திக் காடு. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சர் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. சுரபுன்னை மரம் கிளைகளிலிருந்து வேர்களை விழுதுபோல் இறக்கிச் சேற்றில் ஊன்றிக்கொள்கிறது. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, பிறகே சேற்றில் விழுந்து குத்தி நிற்கிறது. வெண்கண்டல் மரமோ மூச்சு விடுவதற்காகவே வேர்களை மண்ணுக்கு மேலே ஈட்டிபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டுக்கு உரியதே. அதன் பால் கண்ணில் பட்டால் துன்பம். படகில் போகும்போது கிளையை ஒடிக்கக் கை நீட்டுகிறவர்களைப் படகோட்டிகள் உடனே தடுத்துவிடுகிறார்கள்.

காட்டைக் கடந்தால் மணல் திட்டு. அதன் முதுகில் அடப்பங்கொடி ஊதாப் பூக்களுடன் படர்ந்து கிடக்கிறது. இராவணன் மீசை என்னும் முட்புல் உருண்டை உருண்டையான கதிர்களைக் காற்றில் உருட்டி விடுகிறது. இவ்விரண்டும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகாத வீண் பூண்டுகள் என்று நமக்குத் தோன்றும். அவையே மணலைப் பிடித்து வைத்திருக்கும் காவலர்கள். கொடி படர்ந்த இடத்தில் காற்று கொண்டுவரும் மணல் தங்கி மேடு உயர்கிறது. கொடியை வழித்து எடுத்த இடத்தில் மேடு கரைகிறது. தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமைகள் இக்கரையில் ஏறி முட்டையிடுகின்றன. மார்கழி வாக்கில் வடநாடுகளிலிருந்து வரும் பறவைக் கூட்டம் கழியோரச் சேற்றில் இறங்குகிறது. காலைப் பொழுதில் அதனைக் காண்பது ஒரு பாக்கியம்.

நம் விவசாயிகள் கேட்டு வியக்கத் தக்கது மற்றொன்று உண்டு. சுற்றிலும் உப்பு நீர். நடுவே மணல் மேடு. அதில் கையால் சில அடி தோண்டினால் குடிக்கத் தக்க நல்ல நீர் ஊறுகிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது இதற்குரிய பொதுக் கணக்கு. திரும்பவும் கணக்கிடுங்கள்: மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பாகிவிடும். ஆகவே திட்டில் வாழ்வோர் ஊற்றை ஆழமாகத் தோண்டமாட்டார்கள். குடத்தால் மெல்ல மொண்டு எடுப்பார்கள். ஆயிரம் அடிக்கு ஆழ்துளை இறக்கியும் போதவில்லை என்று மனுக் கொடுக்கும் நமக்கு இந்த அடக்கம் புதிதாகத்தான் இருக்கிறது.

இனி அங்குள்ள மக்களைப் பற்றிச் சொல்லவேண்டும். கடலில் செல்வோர் பெரும்பாலும் பட்டினவர். கழிகளில் இறால் பிடிப்போருள் இருளர் குடும்பங்கள் பல. இருளர் வலையின்றி, நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவியே இறாலைப் பிடித்துவிடுகிறார்கள். அவ்வேலையில் பெண்களும் சம பங்கு உழைக்கிறார்கள். மீனவக் கிராமங்களில் சட்டப்படியான பஞ்சாயத்து வேறு. ஊர்ப் பஞ்சாயத்து வேறு. எந்த வலை வீசலாம், என்று கடலுக்குப் போகக் கூடாது, சண்டையிட்டவருக்கு என்ன அபராதம் என்பவற்றை எல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தே தீர்மானிக்கிறது.

இவ்வகை ஏற்பாடுகளுள் மிகச் சிறந்ததாக எனக்குத் தோன்றுவது பழவேற்காட்டில் உள்ள பாடு முறை. சென்னைக்கு வடக்கே சுமார் 35 மைலில் உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கோட்டை கட்டி, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நாகப்பட்டினத்துக்கு இடம் பெயரும் வரையில் சோழமண்டலக் கரைக்கே அதனைத் தலைமை இடமாக வைத்திருந்தனர். கோட்டை இடிந்துபோயிற்று, எழுத்துப் பொறித்த கல்லறைகள் நிற்கின்றன. பாடு முறையும் நிற்கிறது. அது யாதெனில், முகத்துவாரத்தின் அருகே ஓதத்தோடு இறால் போய்வரும் இடங்கள் சிலவே. அங்கே கழிகளை நட்டு வலை கட்டினால் நல்ல வரும்படி. எல்லோரும் ஒரே நாளில் அங்கே போனால் சண்டையே மிஞ்சும். ஆகையால் இடங்களை வகுத்து, உரிமை உள்ளவர்களைக் குழுக்களாகப் பிரித்து, குலுக்கல் போட்டு முறை வைக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறையில் சுமாரான இடம். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு முறைக்கு இல்லை. இலங்கையில் நீர்கொழும்புக் கழியிலும் கழி வலைக்கு இவ்வாறே முறை வகுக்கிறார்கள்.

நம்மூர்ப் பங்குக் கிணற்றுக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நான்கு பங்காளிகள், ஒரு கிணறு, இன்னார்க்கு இந்த நாள் என்னும் ஏற்பாடு நாம் அறிந்ததே. ஆனால் நம் முறைகள் பல இடங்களில் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. அவர்கள் முறை இன்னும் ஊரிலேயே தீருகிறது. எனினும் அதனை முழுதும் புகழ எனக்கு மனம் வரவில்லை. பாட்டு உரிமை குறிப்பிட்ட சில ஊர்களின் பட்டினவர் ஆண்களுக்கே உரியது. ஏரியை நம்பிப் பிழைக்கும் ஏனையோர் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகி இறால் விலை உயர்ந்தபின் இதன் காரணமாகப் பெரும் பூசல்கள் எழுந்தன. உள்ளே இருப்போருக்கு நீதி வழங்கும் ஏற்பாடு வெளியே நிற்போருக்கு வேலியாகவும் இருக்கலாம் என்பதைப் பஞ்சாயத்து நடத்தும் நாம் நினைவில் வைக்கவேண்டும்.

திட்டுகள் அழகியவை என்றேன். அவை நிலையானவை என்று சொல்லவில்லை. மணல் மேடு ஓரிடத்தில் நிற்கும் பொருளன்று. அலை ஒருபுறம் அரிக்க, மறுபுறம் சேர, அது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹாட்டராஸ் என்னும் மணல் தீவில் 1870-இல் கட்டப்பட்ட உயர்ந்த கலங்கரை விளக்கத்தைக் கடல் நெருங்கிவிடவே, 1999-இல் அக்கட்டடத்தை அப்படியே பெயர்த்து 2,900 அடி உள்ளே நகர்த்தி வைத்தார்கள். அத்தனை செல்வம் உள்ள நாட்டாரும் கடலைத் தள்ளி வைக்க இயலாமல் விளக்கைத்தான் தள்ளி வைத்தார்கள். நம் நாட்டில் 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் இராமேசுவரம் தீவின் மணல் முனையாகிய தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு வந்த ரயிலும் கடலுக்கு இரையாயிற்று. அவ்வூர் மீண்டும் கட்டப்படவில்லை.

வெள்ளாற்று முகத்திலும் அத்தகைய நாள் வந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை வந்த ஆழிப்பேரலை, கிள்ளைக்கு அருகே கடலுக்கும் கழிக்கும் நடுவே இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்னும் மீனவக் குடியிருப்பை வாரிக்கொண்டு போயிற்று. முன்னே கடல், பின்னே கழி, ஓடுவதற்கு இடமில்லை. மாண்டவர் போக எஞ்சியவர்கள் உள்நாட்டுக் கரையில் குடியமர்த்தப்பட்டார்கள். மணல் திட்டில் ஊர் அமைப்பது எத்தகைய ஆபத்து என்பது அன்று தெரிந்தது.

அதே காலையில் மற்றொன்றும் தெரிந்தது. அலையாத்திக் காட்டுக்குப் பின்னே இருந்த குடியிருப்புகள் பெரும்பாலும் தப்பின. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வு, அடர்ந்த மரங்களின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் மிகக் குறைவு என்று காட்டிற்று. ஊர் இருந்த உயரமும் கடலிலிருந்து அதன் தூரமுமே முக்கிய காரணம், மரங்களுக்கு அத்தனை பெருமை தரலாகாது என்று வேறு சில அறிஞர்கள் மறுத்தும் எழுதினார்கள். அறிஞர்கள் வாதிக்கட்டும். காட்டின் மறைவில் இருந்து பிழைத்தவர்களிடம் இதனைப் பற்றிக் கேட்டால் அவர்கள் வாதம் செய்வதில்லை.

அக்காடு தானாகவே நின்ற காடு அன்று. பிரிட்டிஷார் காலம் தொட்டு 1970-கள் வரையில் பகுதி பகுதியாக அடியோடு வெட்டப்பட்டு வந்தது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் அமிழ்ந்து, பள்ளமாகி, ஓத நீர் தேங்கி, உப்பு முற்றி, மறுபடி ஒன்றும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அவ்வூர் மக்களும் கூடி, மீன் முள்ளின் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓத நீர் போய்வர வழி செய்து, கரைகளில் கன்றுகளை நட்டார்கள். வாய்க்கால் வெட்டியவர்களும் நட்டவர்களும் கிராமத்தாரே. காடு திரும்பி வந்தது. நாம் ஏரி வரத்துக் கால்வாயைத் தூர் வாரும் வேலைக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் இக்காட்டுக்கு உப்பு நீர் மட்டும் போதாது. ஆறுகளும் கான்சாகிப் வாய்க்காலும் கொண்டுவரும் நல்ல நீரும் கலக்கவேண்டும்.

இங்கேதான் பேச்சு நம் மாவட்டத்துக்குத் திரும்புகிறது. நல்ல நீரும் மணலும் மேலிருந்து போகவேண்டியவை. மலையிலிருந்து இறங்கும் மணலில் ஒரு பங்கு கோமுகி அணையிலும் மணிமுக்தா அணையிலும் தங்கிவிடுகிறது. அணைகள் நமக்கு வேண்டும். அதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் கிடக்கும் மணலைப் பற்றித்தான் சொல்கிறேன். அதனை லாரி லாரியாக வாரிவிட்டால், திட்டுக்குப் போகவேண்டியது வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. போகட்டும், கடலோரத்தார் கவலை அது என்று எவரேனும் சொல்வீர்களாயின், உங்கள் கிணற்றையே பாருங்கள். ஆற்று மணல் நீரைத் தாங்கி வைக்கும் பஞ்சு. படுகை பத்து அடி தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் அதைப் பின்பற்றித் தாழும். முன்பு மணலில் ஊற்றுக்கால் தோண்டி நீர் பாய்ச்சிய இடங்களில் இன்று களிமண்ணும் கருவேலமும் கிடப்பதை ஆற்றோரக் கிராமத்தார் நன்கு அறிவார்கள்.

இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு; அதனை மறைப்பதற்கில்லை. அரசு வீடு கட்டும் திட்டத்தில் அனுமதி பெற்றவர்கள் "மணலுக்கு எங்கே போவோம்?" என்று என் அலுவலகத்துக்கே வருகிறார்கள். கூரை வீட்டில் நனையும் தாயிடம் எங்கோ கடலோரத்தில் கிடக்கும் திட்டைக் காட்டிப் பொறுத்திருக்கச் சொல்வது நியாயமாகாது. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டை முறையாகச் சலித்துக் கழுவியதாகப் பார்த்து வாங்கினால் காங்கிரீட்டுக்கு அது தாங்கும். இதனைக் கொத்தனார்கள் பலர் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். ஏழைக்கு வீடு என்று சொல்லி எடுக்கும் மணலில் எத்தனை வண்டி ஏழை வீட்டுக்குப் போயிற்று, எத்தனை வண்டி இருட்டில் வேறு ஊருக்குப் போயிற்று என்பதை என்னைவிட நீங்களே அறிவீர்கள்.

வீட்டுக்காகத் தோண்டித் தீவையே இழந்த கதை நம் மாநிலத்தில் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவை ஆற்று மணலால் ஆனவை அல்ல. பவளப் பாறைகளின் மேல் எழுந்தவை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல்லாண்டுகள் பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கிய பாறை போயிற்று. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகளும் நீருக்குள் அமிழ்ந்தன. வரைபடத்தில் பெயர் இருக்கிறது. நின்று பார்க்க நிலம் இல்லை. இத்தனைக்கும் அந்தக் கல்லை வெட்டியவர்கள் தீவின் பகைவர்கள் அல்லர், கூலிக்கு உழைத்தவர்கள்.

மலையைப் பற்றியும் ஒரு சொல். சரிவில் மேலிருந்து கீழாக உழுது மரவள்ளி நடுவதால் முதல் மழையிலேயே மேல்மண் இறங்கி அணையில் சேறாகப் படிகிறது. சேறு அணையின் கொள்ளளவைக் குறைக்கும், திட்டைக் கட்டாது. சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு, சாமைக்கும் தினைக்கும் கொஞ்சம் இடம் விட்டு, கடுக்காய் மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் மலைவாழ் மக்கள் இன்னும் இருக்கிறார்கள். சமவெளியார் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

கோமுகி, மணிமுக்தா கரையில் உள்ள பஞ்சாயத்துகள் அடுத்து வரும் கிராம சபையில் இரண்டு காரியங்களை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, தம் எல்லைக்குள் ஆற்றுப் படுகையின் உயரத்தைப் பாலத்தின் தூணிலோ படித்துறைக் கல்லிலோ வண்ணத்தால் குறித்து, ஆண்டுக்கு ஒருமுறை மழைக்குப் பின் அளந்து பதிவேட்டில் எழுதுவது. இதற்குச் செலவு ஒரு டப்பா வண்ணம். உயர் அதிகாரியின் அனுமதி எதுவும் வேண்டியதில்லை. மணல் குறைகிறது என்று வாயால் சொல்லும் புகாருக்கு மறுமொழி எளிது. ஐந்து ஆண்டு அளவுகளை எழுதிக் காட்டும் பஞ்சாயத்துக்கு மறுமொழி சொல்வது எளிதன்று. மற்றொன்று, பங்குக் கிணறுகளின் முறையை எழுத்தில் கொண்டுவருவது. இதற்கு மாதிரிப் படிவம் என் அலுவலகத்தில் உண்டு.

பிச்சாவரத்துக்கு ஒரு நாள் சென்று வர விரும்பும் அங்கத்தினர்கள் இன்று மாலைக்குள் முகாம் எழுத்தரிடம் பெயர் கொடுக்கலாம். விடியுமுன் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் படகில் ஏறிவிடலாம். குடிநீரும் கட்டுச்சோறும் அவரவர் கொண்டுவரவேண்டும். கழிநீரில் கை நனைத்து ஒரு சொட்டு நாவில் வைத்துப் பாருங்கள். திட்டின் ஊற்று நீரையும் கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள். மகளிர் அங்கத்தினர்கள் இருபது பேருக்குக் குறையாமல் வருவதானால் தனி வண்டி ஏற்பாடு செய்கிறேன்.